வருஷம் மழுங்கிய காசு

பல்லுக்காரர் என்றால் அந்தத் தெருவில் ஒரே ஒரு ஆள்தான். பல் பிடுங்குகிறவர் இல்லை. அவர் முன்னறையில் இருக்கும் டாக்டர். இவர் பின்னறை. டாக்டர் நோயாளி வாயில் எடுத்துத் தருகிற அச்சைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, அதில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, ராவி, பளபளப்பாக்கி, டப்பாவில் போட்டு முன்னறைக்கு அனுப்புவார். நாற்பத்தோரு வருஷமாக இதே வேலை. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது இவர் தயவில்தான். ஆனால் எதிரே வந்தால் ஒருத்தரும் இவரைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். தன்னுடைய பல் பொய்ப்பல் என்று தெரிந்த ஆளைப் பார்த்து எவன் சிரிப்பான்?

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. காசு சேர்ப்பது. காசு என்றதும் பணக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் சேர்த்ததெல்லாம் எந்தக் கடையிலும் செல்லாத காசு, பழைய வெளிநாட்டுக் காசு. அதிலும் ஒரு கணக்கு உண்டு. மற்றவர்கள் நாடு வாரியாக அடுக்குவார்கள். இவர் வருஷ வாரியாக அடுக்குவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது முதல் அறுபது வரை, இருபத்தோரு வருஷம், வருஷத்துக்கு ஒரு இழுப்பறை. பொய்ப்பற்கள் கம்பெனியிலிருந்து வரும் தட்டையான அட்டைப் பெட்டிகளைத்தான் இழுப்பறையாக்கி ஒரு மர அலமாரிக்குள் சொருகியிருந்தார். நாற்பத்தேழு என்ற இழுப்பறையைத் திறந்தால் ஓட்டை போட்ட காசும் பட்டை வெட்டிய காசும் ராஜா தலையும் மீன் படமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். எந்தெந்த நாட்டுக்காரனோ ஒரே அறையில் தங்கியது மாதிரி இருக்கும்.

"அறுபதோட ஏன் நிறுத்திட்டீங்க?" என்று யாராவது கேட்டால் அவர் மனைவி முந்திக்கொள்வாள். "அதுக்கு மேல வெச்சா நான் படுக்க இடம் இருக்காது, அதான்."

ஒவ்வொரு காசின் அடியிலும் ஒரு துண்டுக் காகிதம். தீப்பெட்டியில் பாதி அளவு. அதில் மூன்று வரி. முதல் வரியில் வருஷம். இரண்டாவது வரியில் காசில் என்ன படம். மூன்றாவது வரியில் அது எப்படி வந்தது. பல்லுக்காரர் பொய் எழுதமாட்டார். சந்தேகம் இருந்தால் கேள்விக்குறி போடுவார். இருபத்தோரு இழுப்பறையிலும் சேர்த்துக் கேள்விக்குறி போட்ட துண்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஐம்பத்திரண்டாம் இழுப்பறையில், முதல் காசு.

'1952? பறவை. அப்பா கொண்டுவந்தது, கடைசிப் பயணம்.'

அப்பா கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். ஒரு பயணம் போய்வந்தால் பையனுக்கு ஒரு காசு கொண்டுவருவார். பல்லுக்காரர் எண் படிக்கக் கற்றுக்கொண்டதே அந்தக் காசுகளின் வருஷத்தைப் பார்த்துத்தான். ஐம்பத்திரண்டில், இவருக்கு ஆறு வயசாக இருக்கும்போது, கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அப்பா கப்பலிலிருந்து விழுந்துவிட்டார், உடம்பு கிடைக்கவில்லை. அம்மாவுக்குக் கம்பெனி விடுதியில் துணி தேய்க்கும் வேலையும், அம்மாவும் பிள்ளைகளும் இருக்க ஓர் அறையும் கிடைத்தன. அம்மாவும் இவரும் பத்து வருஷம், கல்யாணம் ஆகும்வரை அக்காவும், அந்த ஒற்றை அறையில் இருந்தார்கள். பையன் அப்பாவின் காசுகளைத் தீப்பெட்டிகளில் போட்டு வருஷம் எழுதி வைத்தான். பைத்தியம் அங்கேதான் ஆரம்பம்.

பறவைக் காசு மட்டும் அப்போது வரவில்லை. இவருக்குப் பதின்மூன்று வயசு நடக்கும்போது ஒரு நாள் அம்மா கொடுத்தாள். "பழைய பெட்டியத் துழாவினேன். அடியில கெடந்துச்சு. உங்க அப்பா கடைசியா கொண்டாந்தது" என்றாள். ஒரு பக்கம் பறவை. மறுபக்கம் ஒரு தலை, தலைக்குக் கீழே வருஷம் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது. பையன் அதை வாங்கி முத்தம் கொடுத்தான். அன்று முதல் அது ஐம்பத்திரண்டு.

ஐம்பது வருஷத்தில் அந்தக் காசைப் பற்றி ஒரே ஒருவர்தான் வாயைத் திறந்தார். பழைய காசு விற்கும் கடைக்காரர், இவருக்கு நெடுநாள் சிநேகிதம். ஒரு தடவை உருப்பெருக்கியை வைத்துப் பார்த்துவிட்டு, "பல்லுக்காரரே, இந்தப் பக்கம் றெக்கையில இறகை எண்ணலாம் போல இருக்கு. அந்தப் பக்கம் தலைமுடிகூட தெளிவா இருக்கு. வருஷம் மட்டும் இல்ல. பாக்கெட்டுல கெடந்து தேயற காசு இப்படித் தேயாது. யாரோ கல்லுல வெச்சுத் தேய்ச்சிருக்காங்க" என்றார்.

"எங்க அப்பா காசு. எனக்குத் தெரியாதா?" என்று பல்லுக்காரர் சுள்ளென்று கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க வேலை மேசையிலயே அமிலம் இருக்குமே? அந்த இடத்துல ஒரு சொட்டு விட்டா எண்ணு மேல வரும். அச்சு அடிச்ச எடத்துல உலோகம் இறுகியிருக்கும், தேய்ச்சாலும் அடியில அந்த இறுக்கம் போகாது. காசு முகம் கெட்டுடும், அது வேற விஷயம்."

காசு சேர்க்கிறவனிடம் காசில் அமிலம் ஊற்று என்று சொல்வது, பெற்றவனிடம் பிள்ளை முகத்தில் ஊற்று என்று சொல்வதற்குச் சமம். பல்லுக்காரர் ஒரு வருஷம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அடுத்தவன் வாயில் அரை மில்லிமீட்டர் கோணலைக் கண்டுபிடிக்கிற கண், சொந்த வீட்டு விஷயத்தில் பார்க்காமல் இருந்தால் அது கண்ணின் குற்றமில்லை.

அப்படியே கிடந்திருக்கும். அம்மாதான் கிளப்பினாள்.

அம்மாவுக்கு எண்பத்தைந்து ஆகிவிட்டது. அக்கா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அம்மா இவர் வீட்டில்தான், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். புத்தி தெளிவாக இருந்தது, உடம்புதான் மாதத்துக்கு ஒரு சுற்று இளைத்துக்கொண்டே வந்தது. அவளுடைய பல்செட்டை இவரே நாலு தடவை செய்து கொடுத்திருந்தார். அதை அவள் பயன்படுத்தும் விதமே தனி. பேசப் பிடிக்காவிட்டால் கழற்றிப் பக்கத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிடுவாள். 'டொக்' என்று சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் ஒரு வார்த்தை வராது. "ஊருக்கெல்லாம் பேசறதுக்குப் பல்லு கட்டிக் குடுத்தீங்க, உங்க அம்மாவுக்கு மட்டும் பேசாம இருக்கறதுக்குக் கட்டிக் குடுத்திருக்கீங்க" என்று மருமகள் சொல்வாள்.

ஒரு காலை, கஞ்சி குடித்து வாயைத் துடைத்துவிட்டு அம்மா சொன்னாள்: "தம்பி, நான் போனா அந்தப் பறவைக் காசை என் கைல வெச்சுடு."

"எதும்மா?"

"உங்க அப்பாவோடது. வருஷம் இல்லாதது."

பல்லுக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐம்பது வருஷமாக அந்தக் காசுகளை அம்மா ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அலமாரியைத் திறந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் ஆயிரத்து எண்ணூறு காசில் ஒன்றை அடையாளம் சொல்லிக் கேட்கிறாள்.

"அது எதுக்கும்மா?"

டொக்.

அவர் மறுக்கவில்லை. அம்மா கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் காசு கையை விட்டுப் போய்விட்டால் அந்தக் கேள்விக்குறி அவரோடேயே தங்கிவிடும். அப்பாவிடமிருந்து கிடைத்த கடைசிப் பொருள். அதன் வருஷம்கூடத் தெரியாமல் மண்ணுக்கோ நெருப்புக்கோ அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. அடுத்த விடுமுறை நாள் மத்தியானம், சட்டைப் பையில் காசைப் போட்டுக்கொண்டு சாவியோடு கிளினிக்குக்குக் கிளம்பினார்.

பின்னறையில் வழக்கம்போல் மெழுகும் பிளாஸ்டரும் கலந்த வாடை. அலமாரியில் யார் யாருடையவோ தாடைகள் பெயர் ஒட்டிக்கொண்டு வரிசையாக வாயைப் பிளந்திருந்தன. பல்செட்டுக்கு வைக்கும் கம்பிக் கொக்கிகளைச் சுத்தம் செய்கிற அமில பாட்டிலை எடுத்தார். கையுறை போட்டுக்கொண்டார். விளக்கை இழுத்துக் கீழே இறக்கினார். கண்ணாடிக் குச்சியில் ஒரு சொட்டு எடுத்துத் தலைக்குக் கீழே இருந்த அந்த வழுவழுப்பான இடத்தில் வைத்தார்.

முதலில் சின்னச் சின்னக் குமிழி. பிறகு அந்த இடம் கறுத்தது. துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு வைத்தார். காசின் பளபளப்பு போய்க்கொண்டிருந்தது. நாலாவது சொட்டில் ஒன்று என்ற எண் தெரிந்தது. பிறகு ஒன்பது. பிறகு ஐந்து. அவர் சிரித்துக்கொண்டே உருப்பெருக்கியை நெருக்கினார். ஐம்பத்திரண்டுதான், நான் சொல்லவில்லையா என்று கடைக்காரரிடம் சொல்லவேண்டிய வார்த்தையைக்கூட மனசுக்குள் தயார் செய்துவிட்டார்.

நாலாவது எண்ணுக்கு இரண்டு வயிறு இருந்தது. எட்டு.

ஈரத்தில் தெரிகிற மாயம் என்று துடைத்தார். காய்ந்ததும் மறைந்தது. மறுபடி நனைத்தார். எட்டு. காசைத் திருப்பித் தலைகீழாகப் பிடித்தார், எட்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் எட்டுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு.

காசு சேர்க்கிற எவனுக்கும் தெரிந்த முதல் பாடம் ஒன்று உண்டு. ஒரு காசு எந்தப் பெட்டிக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து சேரலாம். ஆனால் தன் மேல் இருக்கிற வருஷத்துக்கு முன்னால் அது இந்த உலகத்திலேயே கிடையாது. ஐம்பத்திரண்டில் செத்தவர் ஐம்பத்தெட்டில் அடித்த காசைக் கொண்டுவர முடியாது. பல்லுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டர் தாடைகள் எல்லாம் இவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அமில பாட்டிலை மூடாமலே வந்துவிட்டார் என்று அடுத்து வேலைக்குப் போன அன்று டாக்டர் சத்தம் போட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மா கட்டிலருகே நின்றார். காசை அவள் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"அம்மா, இது ஐம்பத்தெட்டு."

அம்மா காசைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கை வாய்க்குப் போனது. டொக்.

அன்று முழுக்க அவ்வளவுதான். அவர் சாப்பிடவில்லை. மனைவி என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, ஒரு காசு இடம் மாறிக் கெடந்துச்சு" என்றார். மறுநாள் வேலைக்குப் போகாமல் அம்மாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கேட்கவில்லை, திட்டவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். மனைவி கடைக்குப் போனாள். வெயில் ஜன்னலிலிருந்து கட்டில் கால் வரைக்கும் வந்தபோது அம்மா கிண்ணத்தைக் காட்டினாள். அவர் பல்செட்டை எடுத்துக் கழுவிக் கொடுத்தார். போட்டுக்கொண்டாள். தாடையை இரண்டு தடவை அசைத்துச் சரி பார்த்தாள்.

"அவர் விழவும் இல்ல, சாகவும் இல்ல. ஏதோ ஒரு துறைமுகத்துல எறங்கிப் போயிட்டாரு. கம்பெனிக்காரன் விழுந்துட்டாருன்னு எழுதிட்டான். நானும் அப்படித்தான் நெனச்சேன், சத்தியமா. ஏழு வருஷம் கழிச்சு ஒருநாள் கதவைத் தட்டினாரு. ஒரு கால் இல்ல. தாடி. குரல வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

பல்லுக்காரர் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"எதுக்குப் போனாரு, யாரோட இருந்தாரு, ஒண்ணும் கேக்கல. கேட்டா உள்ள கூப்பிட்டுருவேன். செத்தவரோட பொண்டாட்டின்னுதான் எனக்கு வேலை. ஆள் உசுரோட இருக்காருன்னா வேலையும் போச்சு, அந்த ரூமும் போச்சு, ஏமாத்தினேன்னு ஜெயில்லகூடப் போடுவான். உங்க அக்காவுக்குக் கல்யாணம் பேசி முடிச்சு இருபது நாள்தான் இருந்துச்சு. 'நீங்க செத்து ஏழு வருஷம் ஆச்சு, போங்க'ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன்."

"போயிட்டாரா?"

"எங்க போனாரு? எதிர்த்தாப்ல பூட்டிக் கெடந்த கிடங்கு இருந்துச்சுல்ல, அந்தப் படியிலதான் உக்காந்திருந்தாரு. மூணு நாள்."

அந்தப் படி பல்லுக்காரருக்கு நன்றாகத் தெரியும். அவரும் தெருப் பையன்களும் காசு மாற்றிக்கொண்டது அந்தப் படியில்தான். ஊன்றுகோலோடு ஒரு ஆள் அங்கே உட்கார்ந்திருந்ததும், இவருடைய தீப்பெட்டிகளை எட்டிப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. நல்ல ஞாபகம்.

"உங்கிட்ட எந்த வருஷம் இல்ல?" என்று அந்த ஆள் கேட்டார்.

"ஐம்பத்திரண்டுக்கு அப்புறம் எதுவுமே இல்ல. எங்க அப்பா செத்துட்டாரு. கொண்டாந்து குடுக்க ஆள் இல்ல" என்று பையன் சொன்னான்.

"அப்படியா" என்றார் அந்த ஆள்.

அம்மா தொடர்ந்தாள். "நீ அவர்கிட்டப் பேசிட்டு இருந்தத நான் பாத்துட்டேன். எனக்கு உசுரே இல்ல. அதான் அவன் புள்ள புடிக்கறவன், கிட்டப் போகாதன்னு உன்கிட்டச் சொன்னேன். மூணாம் நாள் காலைல நான் வேலைக்குப் போறப்போ வழில நின்னாரு. இந்தக் காசைக் குடுத்தாரு. 'பையன்கிட்ட ஐம்பத்திரண்டுக்கு அப்புறம் இல்லையாம், இதைக் குடுத்துடு, நான் நாளைக்குக் கெளம்பிடறேன்'னாரு. அன்னிக்குச் சாயங்காலம்தான்..."

அன்றைக்குச் சாயங்காலம் என்ன நடந்தது என்று அவள் சொல்லத் தேவையில்லை. பிள்ளை பிடிக்கிறவன் என்று நாலு பையன்களைச் சேர்த்துக்கொண்டு போனது இவர். முதல் கல் விட்டதும் இவர். வீட்டுக்கு ஓடிவந்து, "அம்மா, அவனைத் துரத்திட்டோம்!" என்று பெருமையாகச் சொன்னதும் இவர். அம்மா பளாரென்று ஒரு அறை விட்டாள். அவள் இவரை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரே தடவைதான். ஊனமுற்ற ஆளை அடித்ததற்காக அடித்தாள், நம் அம்மாவுக்கு எவ்வளவு இரக்கம் என்று இத்தனை வருஷம் அதைப் பெருமையாகவே நினைத்திருந்தார். மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

"காசைத் தூக்கி எறியலாம்னு நெனச்சேன். கை வரல. உனக்குன்னு கொண்டாந்தது. அப்படியே குடுத்தா நீ மொதல்ல வருஷத்தத்தான் பாப்ப. துணி தொவைக்கிற கல்லுல வெச்சுத் தேய்ச்சேன். வெரல் தோலு உரிஞ்சு போச்சு."

"அப்புறம் எங்க போனாரு?"

"தெரியாது. நான் தேடல."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பல்லுக்காரருக்கு அம்மா மேல் கோபம் வர வேண்டும். வந்தது. உன்னால்தானே என்று கத்த வேண்டும் போல் இருந்தது. ஆனால் எதிரே கிடந்தது ஒரு கைப்பிடி எலும்பு. அதைப் பார்த்து என்னத்தைக் கத்துவது? அவருக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும் என்று இருந்தது.

"நான் விட்ட கல்லு அவர் மேல பட்டுச்சாம்மா?"

அம்மா யோசிக்கவே இல்லை. "படலடா. நான் ஜன்னல்லேந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். தள்ளி விழுந்துச்சு. உனக்கு எப்பவும் குறி பாக்கத் தெரியாது."

"சரிம்மா" என்றார்.

அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கல் போன வழியும், பையன்கள் போட்ட கூச்சலும், அந்த ஆள் நெற்றியில் கையை வைத்ததும், விரல் இடுக்கில் ரத்தம் வந்து புருவத்தில் இறங்கியதும். அந்த ஆள் கத்தவில்லை, திட்டவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்து, இவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். அவர் ஏன் கையை ஓங்கவில்லை என்று அன்றைக்குப் பையன்கள் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

"கைல வெப்பியா?" என்று அம்மா கேட்டாள்.

"வெக்கறேன்மா."

அவள் பல்செட்டைக் கழற்றினாள். இந்தத் தடவை கிண்ணத்தில் போடவில்லை, அவர் கையிலேயே கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு நண்பகலில் அம்மா போய்விட்டாள். பல்லுக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. பல்செட்டைப் போட்டுவிட்டு, வலது உள்ளங்கையில் பறவைக் காசை வைத்து விரல்களை மடக்கிவிட்டார். பெண்டுகள் யாரோ அது எதற்கு என்று கேட்டார்கள். மனைவி அவரைப் பார்த்தாள். அவர் அம்மாவின் கையைப் போர்வைக்குள் வைத்தார்.

பத்து நாள் கழித்துத்தான் அலமாரியைத் திறந்தார். ஐம்பத்திரண்டாம் இழுப்பறையிலிருந்து அந்தத் துண்டுக் காகிதத்தை மட்டும் எடுத்தார். '1952?' என்பதை அடித்து '1958' என்று எழுதினார், கேள்விக்குறி போடாமல். இரண்டாவது வரியைப் படித்தார். பறவை. சரிதான். மூன்றாவது வரியைப் படித்தார். அப்பா கொண்டுவந்தது, கடைசிப் பயணம். அதிலும் மாற்ற ஒன்றுமில்லை. ஐம்பது வருஷமாக அந்த வரி சரியாகத்தான் இருந்திருக்கிறது.

பிறகு காகிதத்தைத் திருப்பினார். அவர் எந்தத் துண்டின் பின்பக்கத்திலும் எழுதியதில்லை. இதில் எழுதினார். எழுதி, மை காயும் வரை ஊதி, ஐம்பத்தெட்டாம் இழுப்பறையில், காசு இல்லாத இடத்தில் வைத்து மூடினார்.

'கல் பட்டது.'